பெயரில்லாத ஓடைக்கு நீ வைத்த பெயர்

நேற்று சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்துக்கு உன் மனைவி வந்திருந்தார். பீரோவை ஒழிக்கும்போது கிடைத்ததாம், ஒரு பச்சை அட்டை நோட்டு. "ஆபீஸ் நோட்டுன்னு நினைக்கிறேண்ணா. எனுக்கு ஒண்ணும் புரியல" என்று கையில் கொடுத்தார். பிரித்ததும் அந்துருண்டை வாசனை. உள்ளே முழுக்க உன் கிறுக்கல் கையெழுத்து. அமெரிக்காவின் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு மாவட்டத்தின் சிற்றூர்கள், எந்த ஆற்றின் எந்தக் கரையில் எந்த ஊர் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறாய்.

அம்பத்தூர் ஆபீஸ் நாற்காலியை விட்டு நகராமலே ஒன்றரை வருடம் நாம் அந்த மாவட்டத்தில்தான் இருந்தோம். பழைய காகித வரைபடங்களையும் விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் திரையில் வைத்து, கணினி வரைபடத்துக்காக நீ கோடு இழுப்பாய், நான் சரிபார்ப்பேன். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் கோடும் போகவேண்டும். மற்றவர்கள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நீ மட்டும் ஏதாவது ஒரு ஊரில் மாட்டிக்கொண்டு நிற்பாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, எதிரெதிர்க் கரையில் இருந்த இரண்டு ஊர்களைக் காட்டினாய். ஒன்றில் ஒரு தேவாலயமும் பத்து வீடும், மற்றதில் பள்ளிக்கூடம். நடுவில் பாலம் இல்லை. "இந்தாண்ட கீற புள்ளைங்க எப்படி மச்சான் ஸ்கூலுக்குப் போவும்?" என்று கேட்டாய். தேடித் தேடி ஏழு மைல் தள்ளி ஒரு பாலத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடப் போனாய்.

அந்த ஓடை வந்தது கடைசி மாதத்தில். சோளக்காட்டு நடுவே நெளிந்துபோய் ஆற்றில் சேருகிற சின்ன ஓடை. எந்த வரைபடத்திலும் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடவேண்டும் என்பது விதி. நீ அதில் 'மாலா கிரீக்', மாலா ஓடை, என்று அடித்திருந்தாய். உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, யார் மாலா என்று கேட்டேன். நீ திரும்பவில்லை.

"இத்தினி தூரம் ஓடுது, ஒரு பேரு இல்லாம. போட்டு உடு மாமே."

தவறு என்று திருப்பி அனுப்ப வேண்டியவன் நான். ஏன் சரி என்று அழுத்தினேன் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வேலை முடிந்ததும் நீ வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட்டாய். அங்கே போகும் பேருந்திலேயே மார்வலி வந்து நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. முத்தாபுதுப்பேட்டை வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோதுகூட மாலா யார் என்ற அந்தக் கேள்வி என் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நேற்று அடக்க முடியவில்லை. நோட்டில் அத்தனை ஓடைக்கும் பெயர் எழுதியிருக்கிறாய், அந்தச் சோளக்காட்டு ஓடைக்கு மட்டும் வெறும் கோடு. மாலா என்று உங்கள் சொந்தத்தில் யாராவது உண்டா என்று உன் மனைவியிடம் கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படி யாரும் இல்லை என்றார். பிறகு முகம் மாறியது.

"யாருண்ணா அது? அவரு எதுனா பண்ணி வெச்சிகினு போய்ட்டாரா?"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கைப்பேசியில் அந்த மாவட்டத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். பெயர் அப்படியே இருந்தது. அதன் கீழே அந்த ஊர்க்காரர் யாரோ, மாலா கிரீக்கில் வெள்ளம், சாலையில் தண்ணீர், சுற்றிப் போங்கள் என்று எழுதியிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். மாலா யாரென்று எனக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன். நம்பினாரா, தெரியவில்லை.

அவர் தன் பேருந்தைக்கூட விட்டுவிட்டார். விரலால் படத்தைப் பெரிதாக்கி, அந்த ஓடையைத் தொடக்கத்திலிருந்து ஆற்றில் சேரும் இடம்வரை மெதுவாகத் தொடர்ந்து போனார். கோபமா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"தண்ணி நல்லா இருக்குமாண்ணா அங்க?" என்றார்.

அதன் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன். இது சரியா தவறா என்று யாரிடம் கேட்பது?