கால் ஒடிந்த ஆ

புதுச்சேரி
20.4.1981

அன்பு மகன் அஞ்சாபுலிக்கு அம்மா அன்னக்கிளி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி கமலவேணியும் வேர்த்து வழிந்துகொண்டு நலமாக இருக்கிறோம், அங்கே பிரான்சில் நீ குளிரில் நடுங்கிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், தப்பிருந்தால் வாத்தியாரைத் திட்டிக்கொள்.

இத்துடன் கமலாவின் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் தமிழ், உனக்கும் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் ஆகட்டும் என்று மறு பக்கம் பிரான்சு பாஷை. பார்த்ததும் சிரிக்காதே, இதனால் கல்யாணமே நிற்க இருந்தது. அப்பா அச்சுக் கோக்கிற குத்புதீன் பாய் அச்சாபீசில் வெள்ளைக்காரன் காலத்துப் பிரான்சுத் தடியெழுத்து ஒரு பெட்டி இருக்குமே, கறுத்துப் பெருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலில் செருப்பு மாதிரி சின்னக் கட்டை போட்டுக்கொண்டு நிற்கும். முதல் பந்திக்கு ஓடுகிற உன் பெரிய மாமனேதான், உடம்பும் கனம், அவசரமும் அதிகம். மற்ற எழுத்தெல்லாம் சேதி சொல்ல, அது ஆளைக் காட்ட. ஒரு பத்திரிகையில் மூன்று பேருக்கு மேல் அதைப் போட மாட்டார் அப்பா, எல்லாரும் கத்தினால் யார் காதில் விழும் என்பார். எழுத்தும் அவ்வளவு இல்லை. அந்தப் பாஷையில் நம் அவுக்கும் ஆவுக்கும் ஒரே எழுத்தான, கூடாரம் மாதிரி நிற்கிற பெரிய ஆ மூன்றே மூன்று, அதிலும் ஒன்றுக்கு இடது கால் செருப்பு ஒடிந்துபோனது.

மாப்பிள்ளை பேர் அரிகிருஷ்ணன், தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறை வேலை என்று முன்னமே எழுதினேன். அவர் பேரைத் தடியெழுத்தில் கோத்து, புரூஃப் எடுத்துக்கொண்டு சாரத்தில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா ஆயம்மா வாங்கிப் பார்த்தாள், வெளியே போய்க் கூரை ஓரத்தில் செருகியிருந்த ஒரு கருமாதிக் கார்டை உருவி வந்து பக்கத்தில் வைத்தாள். அது அவர்கள் தெருப் பெரியவர் ஆதிமூலத்தினுடையது, போன மாசம் போனவர், பிரான்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர் என்பதால் கார்டும் பிரான்சு பாஷையில் நம் அச்சாபீசில்தான் அடித்தது. அதிலும் முதல் எழுத்து ஆ, அதுவும் அதே கால் ஒடிந்த ஆ. ஆயம்மா, பொணத்துக்குப் போட்ட எழுத்த என் புள்ள தலைல வெக்கிறீங்களா, இந்த சம்மந்தமே வாணாம், தாம்பூலத்த எடுத்துக்கினு போங்க என்று கத்தியிருக்கிறாள். அப்பா வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எழுத்துக்கு ஏது தீட்டு, மண்ணெண்ணெய்ல கழுவிட்டுதாம்மா போடறோம், அந்த எழுத்து காலைல சாவு, மத்தியானம் பிராந்திக் கடை, சாயங்காலம் கல்யாணம் என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். பிராந்திக் கடை விஷயம் அதுவரை அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பனியனோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கமலா சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள், சங்கரா மீன் குழம்பு என்றதும் கொஞ்சம் சாப்பிட்டாள், ஆனால் ராத்திரி முழுக்க அழுதாள், அந்தப் பிள்ளையை அவளுக்கு நிஜமாகவே பிடித்துப்போயிருக்கிறது. மறுநாள் குத்புதீன் பாய் ஒல்லியாக நேராக நிற்கிற எழுத்தில் கோத்துத் தானே கொண்டுபோய்க் காட்டினார். இன்னா பாய் இது, ரேஷன் கார்டு மாதிரி இருக்குது, எம் புள்ள கல்யாணம் கண்ட்ரோல் அரிசியா என்று ஆயம்மா அதையும் திருப்பிவிட்டாள். தடியெழுத்துதான் வேண்டும், ஆனால் சாவு தொட்டிருக்கக் கூடாது, அப்படி ஒன்று வேண்டுமென்றால் பாரீசிலிருந்து புதிதாக வந்தால்தான் உண்டு.

அப்புறம் நானே போனேன். வெற்றிலை போட்டபடி, சம்மந்தி, ஆதிமூலத்துக்கு இன்னா வயசு இருக்கும் என்று கேட்டேன். தொண்ணூறு தாண்டிடிச்சி என்றாள். படுத்துக் கெடந்தாரா என்றேன். எங்க, காப்பி குடிச்சிட்டு டம்ளர கீழ வெச்சாரு, அவ்ளோதான், கொள்ளுப்பேரன் நெய்ப்பந்தம் புடிச்சான், மேளம் இன்னா, வாணம் இன்னா, கல்யாணச் சாவுன்னு ஊரே பேசிச்சி என்றாள். அந்தச் சாவில் மாலைப் பூவையும் இறைத்த காசையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டுக்கு ராசி என்று காசை அரிசிப் பானையில் போட்டவளும் அவள்தான், அதையும் அவளே சொன்னாள். அந்தக் காச அரிசிப் பானைல போட்டு வெச்சிருக்கீங்க, அந்த எழுத்த மட்டும் வாணாம்ங்கறீங்க என்றேன். அவள் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, அப்டின்னா என் பேருக்கும் அதே மொண்டிக்கால் எழுத்துதான் வேணும், உங்க வீட்டுக்காரர் வேற போட்டு ஏமாத்துனா எனக்குத் தெரியும் என்றாள்.

மொண்டிக்கால் ஆ ஒன்றுதானே இருக்கிறது. எழுத்தை யாராவது கீழே போட்டால் சோறு இறங்காத உன் அப்பா, நல்ல ஆ ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம், பிறகு அரத்தால் அதன் இடது காலை ராவினாராம். பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அரிகிருஷ்ணனுக்கு ஒன்று, ஆயம்மாவுக்கு ஒன்று, கமலவேணிக்கு ஆ வேண்டாம், மூன்று பேர் கணக்கும் முடிந்தது.

ஆனால் அடித்து வந்த பத்திரிகையில் வரவேற்பவர் இடத்தில் நாலாவதாக ஒரு பேர் தடியெழுத்தில் நிற்கிறது, அது உன்னுடையது. அப்படிப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உற்றுப் பார், அதற்கும் கால் இல்லை. நல்லா இருந்த கடைசி ஆவையும் ஏன் ராவினீங்க என்று அப்பாவைக் கேட்டேன். ஒண்ணு மட்டும் முழுசா நின்னா கண்ணு படும், அவன் வேற அவ்ளோ தூரத்துல இருக்கான் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். உன் முதலாளியிடம் இந்தப் பத்திரிகையைக் காட்டு, பாஷை அவன் பாஷைதான், பேரும் அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறது. எழுத்து உடைந்திருக்கிறதே என்று கேட்டால் மொத்தக் குடும்பமும் அப்படித்தான் என்று சொல். வைகாசி இருபதுக்கு நாலு நாள் முன்னால் வந்தால் பந்தல்கால் நட ஆள் ஆச்சு. பேர் அஞ்சாபுலி, பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறுகிறவன், ஏரோப்ளேனில் ஜன்னல் பக்கம் உட்காராதே. ஆயம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டில், மறக்காதே, அது இல்லாவிட்டால் மறுபடியும் சம்மந்தம் நிற்கும்.

ஆதிமூலம் வயசு உனக்கும் வரட்டும், அவர் மாதிரியே காப்பி குடித்த பிறகு.

இப்படிக்கு
முழங்கால் வலி தவிரக் கால் இரண்டும் ஒழுங்காக இருக்கிற உன் அம்மா
அன்னக்கிளி