நெயில் பாலிஷ் வைத்த போல்ட்

இல்லை பாவா, இன்னும் விற்கவில்லை. நாளைக் காலையில் ஒருவர் பார்க்க வருகிறார். அக்காதான், உன் பெண்டாட்டிதான், வரச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் விடிந்ததிலிருந்து உன் காருக்கு அடியில் கிடக்கிறேன்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மைக் கழற்றலாம் என்று போல்ட்டில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தேன். சிவப்பாக ஒரு புள்ளி. அக்காவின் நெயில் பாலிஷ். இறுக்கி முடித்தது எது என்று மறக்காமல் இருக்க நீ வைத்த பொட்டு. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே படுத்திருந்தேன்.

இதே ஆர்மை நாம் முதல்முறை மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ உரக்கடையில் பில் போடுகிறவன். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு நீ குதிக்க ஆரம்பித்தாய்.

“மச்சான், நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எலுமிச்சம்பழத்த நசுக்கி வண்டிய எட்த்துடணும். முறுக்குடா.”

“சக்கரம் இன்னும் தொங்கினுகீது பாவா.”

“தொங்கினா தொங்கட்டும். நீ முறுக்கு.”

முறுக்கினேன். எனக்கு மட்டும் பொறுமை எங்கே இருக்கிறது? நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து, நாலு இருபத்தைந்துக்கு நசுக்கி, கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிப்போய் டீ குடித்தோம். ஒரே மாதம். பள்ளம் வந்தால் டக் டக். அரக்கோணம் ரோட்டு மெக்கானிக் பாய் குனிந்து பார்த்துவிட்டு, ராகுகாலக் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

“ஜாக்கி மேல நிக்கசொல்லவே இறுக்கிட்டீங்களா? கீழ எறக்கினா ஆர்ம் முனை ரப்பர் முறுக்கிக்கும், கிழிஞ்சிடும். வண்டி தரையில நின்னு பாரம் ஏறினப்புறம்தான் கடைசியா இறுக்கணும். இதுக்கு ராகுகாலமே தேவலயே.”

“வர்ற ஞாயித்துக்கெழம நான் சீட்ல பாரமா உக்கார்றேன், நீ அடியில பூந்து முறுக்கு” என்றாய். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்தாய். வெள்ளிக்கிழமை உன்னை இதே காரில் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டில் உன் தலை அக்காவின் மடியில். வழியெல்லாம் அந்த டக் டக். நீ திரும்பி வரவில்லை. அக்கா அதற்குப்பிறகு இந்தக் காரில் ஏறவில்லை. “அந்தச் சத்தம் எனக்கு ஆவாதுடா, வித்துடு” என்பதோடு சரி.

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. மூன்று வேலை மாறிவிட்டேன். எல்லாரும் “அப்புறம் என்ன பண்ணப்போற” என்று கேட்பார்கள். நீ மட்டும் “துன்னியா? ஸ்பேனர எட்த்துனு வா” என்பாய். அந்தக் குரல் இல்லாமல் எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருக்கிறது.

புது ஆர்ம் மாட்டி, சக்கரம் போட்டு, சக்கரங்களுக்கு அடியில் அடுக்கிய பலகைகள் மேல் காரை இறக்கினேன். போல்ட்டை இன்னும் இறுக்கவில்லை. பாரம் வேண்டும். அரிசி மூட்டை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“அக்கா, வந்து கொஞ்சம் உக்காரு.”

வாசலிலேயே நின்றாள். “நானா?”

“வேற யாரு கீறாங்க?”

அவள் செருப்பு பம்பர் பக்கம் வந்து நின்றது எனக்குக் கீழிருந்து தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு கதவு திறந்தது. கார் ஓர் அங்குலம் அமுங்கியது. நீ உட்காரும் பக்கம்தான்.

முறுக்கினேன். இந்த முறை நிதானமாக. மேலிருந்து கேட்டாள்: “பொட்டு வெச்சியா?”

“அது உனக்குத் தெரியுமா?”

“என் பாட்டில் பாதி காலி. தெரியாதா?”

உள்ளே போய் அதே பாட்டிலைக் கொண்டுவந்து கீழே நீட்டினாள். புது போல்ட்டில் பொட்டு வைத்துவிட்டேன். உன் பழைய போல்ட் என் பேன்ட் பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டிருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

கிரீஸ் கையோடுதான் இதைப் போனில் அடிக்கிறேன். நாளை வருகிறவருக்கு என்ன சொல்வது என்று அக்கா இன்னும் சொல்லவில்லை. சத்தம் போய்விட்டதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவள் மறுபடி காரில் ஏறி, உன் சீட்டை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கை நீட்டி ஹாரன் அடிக்கிறாள். போகணும் பாவா.