கலையாத சபைகள்

இன்று அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கார்பன் தாள்கள் கையில் பட்டன. அந்த மணம் மூக்கில் ஏறியதும் முதலில் வந்தது களைப்புத்தான். உன் முகம் அதற்குப் பிறகு.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஒரே பாடசாலையில் நீ குடியியல் படிப்பித்தாய், நான் கணிதம். முதுமாணிப் பட்டத்துக்காக, நம் மாவட்டத்துக் கிராம சபைகள் கலையாமல் எவ்வளவு காலம் நின்றன என்று ஆராய்ந்தாய். விடுமுறைகளில் லோஞ்சில் கடல் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் தோப்பூர், வெருகல் என்று அலைந்து திகதிகளைப் பொறுக்கி வந்தோம். தட்டச்சு என் பொறுப்பு.

நீ திகதி சேர்ப்பதை நிறுத்திய நாளிலும் சில சபைகள் கலையாமல் இருந்தன. முதலில் எழுதிய அத்தியாயத்தில் அவற்றை விட்டிருந்தோம். பிறகு, சேர்த்தே ஆகவேண்டும் என்றாய்.

"முடிவு தெரியாததுகளை என்னெண்டு கணக்கில சேர்க்கிறது?" என்று கேட்டேன்.

"விட்டால் கெதியா, ரெண்டொரு வருசத்தில விழுந்ததுகள்தான் மிஞ்சும். எங்கட சனத்துக்குச் சபை நடத்த ஏலாதெண்டு சொல்லிப்போடுவினம். ஏழு வருசமா இருக்கிற சபை ஏழு வருசத்துக்குக் குறையாம நிண்டதெண்டு தெரியும்தானே. அந்தளவையெண்டாலும் எழுதுவம்."

அதனால் அட்டவணைகள் எல்லாம் மாறின. மூன்று தரம் அடித்தேன், ஒவ்வொரு தரமும் பிழை கண்டு கிழித்தோம். நாலாம் தரம், ஒப்படைக்க இரண்டே நாள் இருக்க, மகளுக்குக் காய்ச்சல். என் விரல்களும் வீங்கியிருந்தன. புதிய அத்தியாயத்தை அடிக்காமல் பழையதையே சேர்த்துக் கட்டித் தந்தேன். நீ என்னை நம்பித் திறந்து பாராமலே அனுப்பினாய்.

பேராசிரியரின் கடிதம் வந்தது. சபைகளின் ஆயுள் குறுகியது என்று நன்றாக நிறுவியிருப்பதாகப் பாராட்டியிருந்தார். ஆசிரியர் அறையில் அதைப் படித்து முகம் வெளிறினாய்.

"பழசெல்லோ போயிருக்கு. எப்பிடியடி?"

"தவறுதலா மாறிப்போச்சு" என்றேன்.

என் தோளில் கை வைத்தாய். "நீயும் களைச்சுப்போனாய், பாவம். நான்தான் பார்த்திருக்க வேணும்."

அன்றே ஆய்வைத் திருப்பிக் கேட்டு எழுதினாய். திருத்தி அனுப்ப ஒரு வருடம் போனது. பட்டம் கிடைத்தது, உனக்கென்றிருந்த விரிவுரையாளர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. வெண்கட்டியோடு மீண்டும் அதே வகுப்புகளுக்குப் போனாய். என்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை. சில வருடங்களில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது.

அது மாறிப்போகவில்லை. தெரிந்துதான் செய்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ இடைவேளைகளில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ தேநீரை என் பக்கம் நகர்த்துவாய், நான் குடித்துவிட்டு வகுப்புக்கு எழுந்து போவேன். பாவம் என்றாயே, அந்தச் சொல்லைப் பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.