தண்ணீர் குடித்த கைக்கோடாலி

கோபம் ஆறிய பிறகுதான் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்ன என் அன்புத் தங்கச்சி பிலோமினாவுக்கு,

இந்தமுறை ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"அண்ணை, பாரம் குறைஞ்ச கோடாலி விறகை வெட்டுமோ, இல்லாட்டித் தடவுமோ?" என்று ஒருநாள் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உனக்கு மணிக்கட்டு வீங்கியிருந்த காலம் அது. கடைகளில் இருந்ததெல்லாம் ஆண்களின் தோளுக்கு அளந்த கோடாலிகள். நான் வகுப்பறைப் பழக்கத்தில் உதாரணம் சொன்னேன். ஒரு கல்லை நூல் நுனியில் கட்டிச் சுழற்று. பிறகு அதே கல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு வீசு. எது பலமாக அடிக்கும்? நீ சிரித்தாய். "கல்லைப் பிறகு பாப்பம். இப்ப விறகைச் சொல்லுங்கோ."

விறகுக்கும் அதுதான் பதில். தலை ஒரு றாத்தலுக்குச் சற்று மேலே இருந்தால் போதும், ஆனால் இருக்கிற பாரமெல்லாம் அடி விழும் இடத்தில் இருக்க வேண்டும். தலையின் இரு பக்கக் கன்னங்களும் மீன்வயிறு போல் லேசாகப் புடைத்திருந்தால் விறகு பிளந்து விலகும். தகடாக இருந்தால் விறகு கவ்விக்கொள்ளும். பிடியின் நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. தலையை மாட்டுவதற்கு, நிலம் கொத்தும் பிக்கானைப் பார் என்றேன். பிடியின் மெல்லிய பக்கத்தால் தலையை நுழைத்துத் தடித்த நுனிவரை இழுக்கிறோம். வீச வீச அது இறுகுமே தவிரக் கழலாது. ஆப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். திருகோணமலைப் பட்டறை ஒன்றில் லொறியின் வில்லுத்தகட்டை மடித்து அப்படி ஒன்று அடிப்பித்துத் தந்தேன்.

அதைக்கூட நீ பின்னேரம் பின்னேரம் தொட்டித் தண்ணீருக்குள் போட்டுவிடுவாய். எங்கள் சாம்பல்தீவில் எந்த வீட்டில்தான் போடுவதில்லை? மரப்பிடி ஊறிப் பருத்தால் தலை ஆடாது என்பது எல்லோர் கைக்கும் தெரிந்த கணக்கு. "இதுக்கு அது தேவையில்லையடி" என்பேன். "பழகின கை அண்ணை. அதுக்கு நீங்கள் பாடம் நடத்த ஏலாது" என்பாய்.

நீ கண்மூடிய பிறகு, உன் மகளைக் கட்டிய மரியதாஸ் அதைப் படகுக்குக் கொண்டுபோனான். சிக்கிய நங்கூரக் கயிற்றை வெட்டும்போது கைநழுவிக் கடலுக்குள் போய்விட்டது. அதற்கு நான் கோபிக்கவில்லை. என் கோபமெல்லாம் அதற்குப் பதிலாக அவன் வாங்கிவந்ததன் மேல்தான்.

இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு நகரத்துக் கடைகளில் என்னதான் தொங்கவில்லை? சிவப்புப் பெட்டி, பெட்டியில் மலையேறும் வெள்ளைக்காரனின் படம். கோடாலி, சுத்தியல், ஆணி பிடுங்கி, போத்தல் திறப்பான், எல்லாம் ஒன்றிலேயே. ஆணி பிடுங்க என்று வாய்த் தகட்டின் நடுவே ஓர் ஓட்டை. தலை பிஸ்கட் தகரம். பிடி இரும்புக் குழாய், அதன்மேல் தடித்த றப்பர். தூக்கிப் பார்த்தேன். பாரமெல்லாம் என் கைக்குள் இருந்தது. கல்லைக் கைக்குள் பொத்திவைத்து, அதற்கு வர்ணம் பூசி விற்கிறார்கள், பிலோமினா!

உன் மகள் ரீற்றா அதையும் பின்னேரங்களில் தொட்டிக்குள் போட்டாள். உன் வயிற்றில் பிறந்தவளல்லவா? பிடியின் அடியில் பேருக்கு ஒரு பிளாஸ்ரிக் மூடி. அதன் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெளியே றப்பர் பளபளக்க, உள்ளே குழாய் துருவேறி ஓடாகிவிட்டது. போன மாதம் புளியங்கட்டை ஒன்றைப் பிளக்க ஓங்கியபோது கழுத்தோடு முறிந்து, தலை அவள் பாதத்தில் விழுந்தது. தையல் போட்டார்கள். விரல்கள் தப்பின. இன்னும் காலை ஊன்ற முடியவில்லை.

முறிந்த துண்டுகளோடு பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

"ஆர் சேர் இதைத் தண்ணிக்குள்ள போடச் சொன்னது?" என்றார் முதலாளி.

"பெட்டியில துருப்பிடிக்காது எண்டு போட்டிருக்கே?"

"அது தலைக்கு, சேர். பிடிக்கு இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். காயம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கரையில் இருந்துகொண்டு, இந்தக் கரைச் சனத்துக்கு விற்கிற மனிதனுக்கு, எங்கள் வீடுகளில் கோடாலி தண்ணீரில் கிடக்கும் என்பது தெரியாதா?

மறுநாள் மரியதாஸ் சந்தோஷமாக வந்தான், கையில் இன்னொரு பெட்டி. "முதலாளி நல்ல மனுசன் மாமா. காசு கேக்காமல் மாத்தித் தந்தவர். இது பச்சை."

பச்சை! அதே தகரம், அதே குழாய். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் கட்டிலில் கிடந்த ரீற்றா முந்திவிட்டாள். "பிழை என்னிலதான் மாமா. அம்மா செய்த மாதிரியே செய்துபோட்டன். இனித் தண்ணியில போடமாட்டன்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலும் அவளுடையது, பழியும் அவளுடையதா? அவள் வழியாக அது உன் தலையிலும் விழவேண்டுமா?

வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். பச்சையைப் பிடி கீழாக அதற்குள் நிறுத்திவிட்டு எல்லோருமாகத் தேத்தண்ணி குடித்தோம். பிறகு எடுத்துத் துடைத்து, மரியதாஸின் காதோடு வைத்துக் குலுக்கினேன்.

"ஐயோ மாமா, இளநி மாதிரியெல்லோ கிடக்கு!"

"மழையில நனைஞ்சாலும் இதுதான். படகுக்குள்ள அலை அடிச்சாலும் இதுதான். தொட்டி மட்டுமோ தண்ணி? அந்தப் பிடியின்ர அடியை ஒரு பொட்டு ஒட்டி அடைச்சிருந்தால் இந்தப் பிள்ளையின்ர கால் தப்பியிருக்கும்."

ரீற்றா அதைக் கேட்டு வாங்கித் தன் காதோடும் வைத்துக் குலுக்கினாள். "அப்ப இது என்ர பிழை இல்லையோ, மாமா?"

"இல்லைப் பிள்ளை. உன்ர அம்மாவின்ர பிழையும் இல்லை."

அவள் அழுதாள். மரியதாஸ் அந்தப் பச்சையைத் தானே கொண்டுபோய்க் கல்லில் வைத்து நசுக்கினான்.

தங்கச்சி, உனக்கு ஒரு வாக்கு. ரீற்றா காலை ஊன்றும் நாளுக்குள் அவள் கைக்கு அளவாக ஒன்று அடிப்பித்துக் கொடுப்பேன். பாரம் தலையில், பிடி மரத்தில், பிக்கான் மாதிரி மாட்டியது. விருப்பமென்றால் அவள் அதைத் தொட்டியிலேயே வளர்க்கட்டும். நான் பாடம் நடத்தமாட்டேன்.

உன் பெயருக்கு எழுதினாலும் இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன், அதனால் வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டிலும் றப்பர்ப் பிடிக் கோடாலி இருந்தால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம் அதைப் பிடி கீழாக வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். எடுத்துத் துடைத்துக் காதருகே குலுக்குங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால், அதைத் திரும்ப ஓங்காதீர்கள்.

உன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்
உன் அண்ணை