குறுக்குக் கம்பி இல்லாத கூண்டு

செமோர், மலேசியா, 1981, வெள்ளி இரவு.

கூண்டு சாயும் என்று முதலில் கணித்தவன் நான்தான். ஈப்போவே அண்ணாந்து பார்க்கும்படி, கோயில் விழாவுக்கு இரண்டாள் உயர விளக்குக் கூண்டை நானே வெல்டிங் வைத்தேன். கணிதம் படிக்கும் அக்கா மகள் விமலா, போன வாரம் அந்தக் கனசதுரத்தின் கம்பிகளில் விரலை வளைத்து வளைத்து நடத்தி, ஆறு சதுரங்களுக்குப் பதிலாக மடிந்த அறுகோண முகங்கள் நான்கைக் காட்டினாள். எப்படித் திருப்பினாலும் பொருந்தின. உருவமே புதிது, சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி இனி எதற்கு என்று அறுத்துவிட்டேன்.

“முகந்தான் மாமா மாறுது, கம்பி அதேதான். சாயும்லா!” என்று பஸ் ஏறும்போதும் கத்தினாள்.

இன்று மாலை நிறுத்தியதும் விரலளவு சாய்ந்தது. கோயில் தலைவர் பார்த்துவிட்டார்.

“நிக்குமா அண்ணே?”

“விமலா கணக்குப் போட்டு சரின்னு சொல்லிட்டாள்லா!”

நாளை அதற்குள் பிள்ளைகள் கோலாட்டம் ஆடுவார்கள். விமலா சரி சொன்னாள் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது.