முள்ளுக்குள் ஒரு சதுரம்

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கல்லை அளக்கும் வெர்னியர் கருவியைத் துடைத்து வைத்தேன். நாளை தேன்மொழி வருகிறார், மதுரையில் கல்லாயுத ஆய்வு செய்பவர். பேரையூர் மேட்டுக்காட்டில் கட்டம் போட்டு, கிடக்கும் கல்லாயுதங்களை எண்ணப் போகிறார். எண்ணிக்கை தேறினால், அங்கே மனை போடுவதை நிறுத்தச் சொல்லித் தொல்லியல் துறைக்கு எழுதுவார். தேறாவிட்டால் ஜேசிபி.

காட்டுக்குச் சொந்தக்காரன் செல்வம், மைத்துனன் மகன். போனில்: "மாமா, உங்களுக்காக இந்த வாரம் பொறுக்கேன். அப்புறம் ஏசக்கூடாது."

அந்தக் காட்டில் நான் கல் பொறுக்குவதைப் பார்த்துக் கிறுக்கன் என்றவர்கள் முன்னால் அளந்து காட்ட வேண்டும். எடுத்துப் போக: கல் டப்பாக்கள், நீளம், அகலம், கனம் குறித்த தாள்கள், குடை, பிரஷர் மாத்திரை.

10, செவ்வாய்

தேன்மொழி டப்பாவைத் திறந்ததும், "அருமையான சில்லுங்க ஐயா. ஆனா எண்ணிக்கையில சேர்க்க முடியாது. எதை எங்க எடுத்தீங்க?"

இந்தக் காட்டில்தான் என்றேன்.

"காட்டுல எங்க?"

இருபது வருட வேலையை ஒரு கேள்வியில் ஒதுக்கிவிட்டார்.

கயிறு கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கிடந்ததையெல்லாம் பொறுக்கினார், பொடி உட்பட. வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் கல்லின் உடைசல் மட்டும். கத்தி மாதிரி சீவிய சில்லு ஒன்றுகூட இல்லை. "தானா உடைஞ்சதுன்னு சொல்லிருவாங்க ஐயா."

செல்வத்துக்குச் சிரிப்பு. "என்ன மாமா, கூட்டி அள்ளுன மாதிரி கெடக்கு?"

அள்ளியது நான்தான். நல்லதைக் கண்டால் விட்டதில்லை. உடைசலைக் குனிந்து பார்த்ததுமில்லை. டப்பாக்களை மூடிப் பையில் போட்டேன்.

11, புதன்

நடந்ததை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி: "எடுத்த எடத்துலயே போட்டுட்டு வாங்களேன். யாரு பாக்கா?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஒரு டப்பாவோடு பஸ் ஏறினேன். காட்டில் நின்று முதல் கல்லை எடுத்தேன். நீளம் தெரியும், கனம் தெரியும். கிடந்த இடம் தெரியவில்லை. மூடிவிட்டேன். பொய்க் கணக்கு எனக்கு வராது.

திரும்புகையில் வேட்டி முள்ளில் மாட்டியது. ஓடையோரக் கருவேலப் புதர். அதற்குள் நான் நுழைந்ததே இல்லை.

தேன்மொழிக்குப் போன் போட்டேன். "நல்லதையெல்லாம் நான் பொறுக்கிட்டேம்மா. முள்ளுக்குள்ள மட்டும் கை படல."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல ஐயா?"

"எங்க எடுத்தேன்னுதான் கேட்டீங்க. எம்புட்டு எடுத்தேன்னு கேக்கலையே."

12, வியாழன்

செல்வம் அரிவாளோடு வந்தான். "கடைசியில முள்ளு வெட்டவும் நாந்தானா?" வெட்டினான். தேன்மொழி ஒரே ஒரு கட்டம் கட்டினார்.

"தள்ளி நில்லுங்க ஐயா. உங்க கை சும்மா இருக்காது."

குடைக்குள் நின்றேன். மாத்திரை போட மறந்துவிட்டேன். உடைசல். மறுபடி உடைசல். செல்வம் ஜேசிபிக்காரனுக்குப் போன் போட நகர்ந்தான். பிறகு தேன்மொழி வெகுநேரம் நிமிரவில்லை.

"ஐயா, உங்க வெர்னியரைக் கொண்டாங்க."

கொண்டு போனேன். கட்டத்துக்குள் கத்தி மாதிரி சீவிய சில்லுகள், கிடந்தபடியே. தொடாமல், அவரையே அளக்கச் சொன்னேன்.