ஆண்டாள் சாப்பிட ஒரு வீடு

வில்லியனூர், 8 ஆகஸ்ட் 1936

எழுந்ததும் முதல் வேலையாக வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போனேன். அண்ணன் வீட்டார் கண் விழிப்பதற்குள் குளித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். விடிந்ததும் விதவை முகம் எதிர்ப்படக் கூடாது. பதினேழு வயதில் தொடங்கிய பழக்கம், இருபத்தாறு வருஷம் ஆகிறது. இப்போது யாரும் சொல்வதுகூட இல்லை.

மாலையில் ஆண்டாள் வந்தாள். என் பழைய மாணவி; பிரெஞ்சு வழக்கப்படி டீச்சரை இன்னும் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவாள். ரயிலில் புதுச்சேரிக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். ஆசுபத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்களாம். அதில் சேரப் போகிறாளாம்.

"எங்க கிளாஸ்ல மூணு பேருக்கு ஆசைதான், மதாம். வெளிய சொல்லத்தான் பயம்."

அவள் போன பிறகும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

9 ஆகஸ்ட்

சென்னையில் படித்தபோது விடுதிக்கு எதிரே பிரசவ ஆசுபத்திரி. காலையில் நர்சுகள் வரிசையாக உள்ளே போவார்கள். அவர்கள் உடுத்தியதும் வெள்ளை, நான் உடுத்தியதும் வெள்ளை. நானும் நர்சாகட்டுமா என்று அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். "பாடம் சொல்லிக் கொடு. பிரசவ அறையில் உன்னை யார் விடுவார்கள்?" என்று பதில் வந்தது.

அண்ணன் பிள்ளைகள் நால்வரையும் தீட்டுக் கழித்த பிறகு, தள்ளி நின்றுதான் பார்த்தேன். பிறந்த சிசுவின் சூடு எப்படி இருக்கும் – தெரியாது.

13 ஆகஸ்ட்

ஆண்டாளின் பெற்றோர் வந்தார்கள். "டீச்சர் ஆவணும்னுதான் படிக்க வச்சேன். நீங்க சொன்னா கேப்பா" என்றார் சுப்பராயலு.

பயிற்சிப் பெண்கள் தங்க ஆசுபத்திரியில் இடமில்லை, வீட்டிலிருந்துதான் போய்வர வேண்டும். அதுதான் ஆதிலட்சுமிக்கு ஆறவில்லை.

"புள்ள பெத்த வூட்ல நாங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டோம். இவ தெனம் அங்கருந்து வந்து எங்க அடுப்பாண்ட நிப்பாளா?"

பார்க்கிறேன் என்றேன். கோழை.

20 ஆகஸ்ட்

ஆண்டாள் ஆசுபத்திரிக்குப் போய் ஒரு பிரசவத்தை அருகில் நின்று பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "தலை வந்ததும் தானா திரும்பிச்சு, மதாம். யாரோ கூப்ட்ட மாதிரி!" சொல்லும்போது அவள் கைகள் குவிந்தன. என் கைகளும்.

மோர் கொடுத்த அண்ணி காசம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. "இன்னாடி, அங்கருந்தா வர்ற? ரயில்ல அத்தினி பேரையும் தொட்டுட்டு வந்தியா? வூடே தீட்டாப் போச்சு!"

"இஞ்சினையும் கழுவச் சொல்லுங்க, அத்தை!"

ஆண்டாள் சிரித்தாள். அண்ணி அவள் மோர் குடித்த லோட்டாவைக் குச்சியால் தள்ளிக் கொல்லையில் போட்டாள். என் வீடாக இருந்திருந்தால்?

24 ஆகஸ்ட்

சுப்பராயலு பாதி இறங்கிவிட்டார். "போவட்டும். எங்க வூட்டுக்குள்ள மட்டும் வரக்கூடாது." அப்புறம் எங்கே சாப்பிடுவாள்? எங்கே படுப்பாள்? மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

25 ஆகஸ்ட்

ஆண்டாள் வரவில்லை.

26 ஆகஸ்ட்

பள்ளி விட்டதும் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். கௌஸ் பாஷா தன் கடைக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் வீட்டைத் திறந்து காட்டினார்.

"யாருக்கும்மா?"

"தெரிஞ்சவங்களுக்கு."

இரண்டு அறை, ஆளுக்கு ஒன்று. சமையலறையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம்.

நாளைக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொள்வேன். அண்ணனிடம் சொல்லவில்லை, ஆண்டாளிடமும் இன்னும் இல்லை. பயிற்சி முடிந்து அவள் ரயிலிலிருந்து இறங்கும்போது சோறு சூடாக இருக்க வேண்டும். முதலில் சாப்பிடட்டும். அதற்குப் பிறகு கேட்பேன் – இன்றைக்குப் பிறந்தது ஆணா, பெண்ணா என்று.